பச்சைக் காரின் இரண்டு மூச்சு

அன்பு மகனுக்கு,

வரவேற்பு அன்று மேடையில் ஏறி நான் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நீ கேட்டுவிட்டுப் போனாய். நான் "பார்க்கலாம்" என்றேன். என்னுடைய "பார்க்கலாம்" எதில் போய் முடியும் என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் நீயும் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நீ போன பிறகு, பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆனால் வகுப்பில்கூட கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். பையன்களுக்கு என் முகத்தைவிட முதுகுதான் நன்றாக ஞாபகம் இருக்கும். மைக் முன்னால் நிற்பதை நினைத்தாலே பயம்தான். அதனால் எல்லாவற்றையும் கடிதமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். உன் அம்மா மேஜையைக் கடந்து போகும்போது எட்டிப் பார்த்தாள். "அந்தக் கார் கதையையா எழுதறேள்? அவனுக்கு மட்டும் எதுக்கு? எல்லாரும் படிக்கட்டுமே, பத்திரிகைக்கு அனுப்புங்கோ" என்றாள். "அனுப்பினா போடுவாளா?" என்று கேட்டேன். "போடலேன்னா நான் போய்க் கேக்கறேன்" என்றாள். கேட்கக்கூடியவள்தான். அது உனக்குத் தெரியும். அவள் எப்போது முதல் அப்படி எனக்காகக் கேட்க ஆரம்பித்தாள் என்பது உனக்குத் தெரியாது.

போன தடவை வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டே ஒரு விஷயம் சொன்னாய். நீயும் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டீர்களாம். சமையல், துணி, வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனிப்பது, இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் பார்த்துவிட்டு வருவது, எல்லாம் சரிபாதி. கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் காலத்தில் கல்யாணத்துக்கு முன் உன் அம்மாவும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் ஒரு வாக்கியம்கூடத் தேறாது. ஆனாலும் 'சரிபாதி' என்று நீ அழுத்திச் சொன்னதும் என் கை ரசம் சாதத்தில் அப்படியே நின்றுவிட்டது. மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லின் பின்பக்கத்து ஷெட்டும், அதில் உமித்தூசி மூடிக் கிடந்த ஒரு பச்சைக் காரும் கண்முன்னால் வந்தன. அந்த வார்த்தையை நம்பித்தான் நான் நாள்கணக்கில் தோற்றுக்கொண்டிருந்தேன். பிறகு ஜெயித்தேன். 'ஜெயித்தேன்' என்று கூச்சமில்லாமல் நான் எழுதக்கூடிய விஷயம் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை. இது ஒன்று. அதனால் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

அண்ணாமலை மாமாவை உனக்குத் தெரியும். பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு வரப்போகிற பஸ்கள் அவருடையவை. உன்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப் முழுக்கச் சுற்றிக் காட்டியவர். ஐம்பதுகளின் கடைசியில் அவரிடம் பஸ்ஸும் கிடையாது, ஒர்க்‌ஷாப்பும் கிடையாது. அப்பாவின் அரிசி மில்லில் நெல் மூட்டை வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டு, மனசெல்லாம் மோட்டாரில் வைத்திருந்தார். ரயில்வேயில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன கார் ஒன்றை எப்படியோ பிடித்துவிட்டார். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். மேலே துணிக் கூரை. தரையை உரசிக்கொண்டு போகிற மாதிரி தாழ்வான ரேஸ் கார். வாங்கி வந்த புதிதில் ஓடியிருக்கிறது. அப்புறம் இருமல், புகை, நடுரோட்டில் நிற்பது. காரோடு வந்த இங்கிலீஷ் கையேட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். என்னைக் காட்டிவிட்டிருக்கிறார்கள். "சார், இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க, போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கார்புரேட்டர் அத்தியாயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், வகுப்புக்குத் தயார் செய்வது போல வரி வரியாகப் படித்து எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, "சார், நீங்களே ஒரு தடவை வந்து பாத்துடுங்களேன்" என்றார். நான் காரைத் தொட்டதே இல்லை என்றேன். "தொட வேணாம் சார். பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். டிரைவர் இருக்கையில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அண்ணாமலையின் அப்பா, மில்லுக்குச் சொந்தக்காரர், துண்டை உதறிக்கொண்டு ஷெட் வாசலுக்கு வந்தார். அவரை எல்லாரும் பெரியவர் என்பார்கள். "வாங்க வாத்தியாரய்யா. நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க. ஓடினா அது கார். நிக்கறதுக்கு என்ன பேரு?" என்றார். நான் கோழியைப் பார்த்தேன். "கோழிக்கூடு" என்று அவரே சொன்னார். அப்புறம் மகனைப் பார்த்து, எனக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார். மாசி மாதத்தில், யுத்த காலத்தில் போட்டு அப்புறம் கைவிட்டுவிட்ட ஒரு விமானத் தளத்தில் கார்க்காரர்கள் கூடிப் பந்தயம் ஓட்டப் போகிறார்கள். "அங்க நம்ம சொந்தக்காரங்க, வியாபாரத்துல பழகினவங்க எல்லாம் வேடிக்கை பாக்க வருவாங்க. அவங்க முன்னால உன் வண்டி ஒரு தடவை நிக்காம போயிட்டுத் திரும்பி வரட்டும். பாலக்கரையில நம்ம காலி இடத்துல நீ ஷெட் போட்டுக்க, ஒர்க்‌ஷாப் வச்சுக்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். நின்னு போச்சுன்னா அங்கயே அதை எவனுக்காவது தள்ளிட்டு வந்து மில்லுல உட்காரு. அப்புறம் மோட்டார்னு வாயைத் திறக்கக் கூடாது." அண்ணாமலை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சரிங்கப்பா. சார் பாத்துக்குவார்" என்று சொல்லிவிட்டார். நான் திடுக்கிட்டு வாயைத் திறந்தேன். இல்லை, எனக்குத் தெரியாது, நான் இல்லை என்று சொல்லத்தான். ஆனால் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாத்துக்கட்டும்" என்று போய்விட்டார். மறுத்துப் பேசத் தைரியம் இல்லாததால் நான் கார் மெக்கானிக் ஆனேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. அவளுக்கு நான் எப்படிப்பட்டவன் என்பது அப்போதுதான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தது. "கார்ல ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்றாள். ஒன்றும் தெரியாது என்றேன். "புஸ்தகம் இருக்கோல்லியோ?" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்பறம் என்ன. கையை அலம்பிண்டு வாங்கோ, தளிகை ஆயிடுத்து." அவ்வளவுதான். என் பயத்தை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததே எனக்குப் பாதி தைரியம்.

அந்தக் காருக்கு இரண்டு கார்புரேட்டர். ஒவ்வொன்றும் காற்றை இழுத்துப் பெட்ரோலோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும். பெட்ரோல் வருகிற சின்னத் துளைக்கு ஜெட் என்று பெயர். அதற்குள் ஓர் ஊசி இறங்கி ஏறும். ஜெட்டுக்கு அடியில் ஒரு நட் இருக்கும். அதை மேலே திருகினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். பெட்ரோல் கூடினால் கரும்புகை, குறைந்தால் 'பட்' என்று வெடித்து எஞ்சின் செத்துவிடும். இரண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி மூச்சு விட வேண்டும். ஒன்று மூச்சுத் திணறினால் மற்றதும் சேர்ந்து கெடும். விஷயம் இவ்வளவுதான். மில்லில் பறந்த உமித்தூசி ஜெட்டில் அடைத்திருக்கிறது. அதை எடுப்பதற்காக எவரோ எஃகுக் கம்பியை விட்டுக் குடைந்திருக்கிறார்கள். கல்லூரி லென்ஸை வைத்துப் பார்த்தபோது, முன்பக்கத்து ஜெட்டின் துளை ஒரு பக்கம் தேய்ந்து அகன்றிருந்தது தெரிந்தது. புது ஜெட் சீமையிலிருந்து வர வேண்டும். சென்னைக்கு எழுதிக் கேட்டதில், இப்போது சொன்னால் அடுத்த மழைக்காலத்துக்குள் வரலாம் என்று பதில் வந்தது. ஆக, கோணலான ஜெட்டை வைத்துக்கொண்டே காரை நேராக ஓட வைக்க வேண்டும்.

பகலில் மில்லில் வேலை செய்ய எனக்குக் கூச்சமாக இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அதனால் அண்ணாமலை விடிந்தும் விடியாத நேரத்தில் காரை இருமவிட்டு இருமவிட்டு ஓட்டிக்கொண்டு கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கத்துக் கரைக்கு வருவார். அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. கார்புரேட்டர் காற்றை இழுக்கிற சத்தத்தை ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் பர்னருக்கு மாட்டுகிற குழாய் ஒன்று கிழிந்து கிடந்தது. அதை வெளியே எடுத்துப்போக நான் எழுத்து மூலமாக அனுமதி கேட்டேன். எங்கள் துறைத் தலைவர் விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஐயா, இதைக் குப்பையில போடச் சொல்லி நானே முந்தாநாள் சொன்னேன்" என்றார். இருந்தாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் எப்படிப்பட்டவன் என்று உன் வருங்கால மனைவிக்கு நீ விளக்க வேண்டி வந்தால் இதைச் சொல், போதும்.

இவ்வளவு ஒழுங்கானவன் செய்த தப்பைக் கேள். இரண்டு நட்டையும் முழுக்க மேலே திருகிவிட்டு, இரண்டையும் ஒரே அளவு கீழே இறக்கினேன். இதற்குக் கால் சுற்று என்றால் அதற்கும் கால் சுற்று. அளவுகோல் வைத்துச் சரிபார்த்தேன். ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. கையேடும் அப்படித்தான் சொன்னது. ஆனால் அது இரண்டு புது ஜெட்டுக்காக எழுதியது என்பது என் மண்டையில் ஏறவில்லை. கார் கரும்புகை கக்கியது. இரண்டையும் சம அளவு மேலே ஏற்றினால் 'பட்' என்று வெடித்தது, கரையில் இருந்த கொக்குகள் எல்லாம் எழுந்து பறந்தன. மறுநாள் மறுபடி அதே சமம், அதே புகை, அதே வெடி. "சார், முன்னாடிதான் புகை வருது. அதை மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் பாக்கலாமா?" என்று அண்ணாமலை ஒரு நாள் கேட்டார். "அதெப்படி? அப்புறம் இரண்டும் சமமா இருக்காதே" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடி அளவுகோலை எடுத்துக் கொடுத்தார். என் படிப்பின் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை. அதுதான் ஆபத்தாக இருந்தது.

மார்கழி பிறந்தது. எங்கள் வீதியில் விடியற்காலையில் பாசுரம் சேவித்துக்கொண்டு கோஷ்டி போகும், நானும் போவேன். இரண்டு வரிசை. ஒரு வரிசை ஓர் அடியைச் சொல்லி நிறுத்தினால் அடுத்த வரிசை அடுத்த அடியை எடுக்கும். நான் எப்போதும் கடைசியில் நிற்பேன். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் வாயைப் பாதிதான் திறப்பேன். அதில் ஒரு லாபம் உண்டு, மற்றவர்கள் குரல் எல்லாம் தனித்தனியாகக் காதில் விழும். அன்று கோஷ்டியை நடத்திய வரதன் ஸ்வாமி திரும்பி என்னைப் பார்த்து, "வாத்தியாரே, நீர் அந்தப் பக்கம் போம்" என்றார். எனக்கு எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது, தெரியுமே. "ஸ்வாமி, அந்தப் பக்கம் ஏற்கெனவே ஆள் ஜாஸ்தி. அடியேனும் போனா சமமா இருக்காதே" என்றேன். அவருக்குக் குளிரில் பொறுமை இல்லை. "ஆளை எதுக்கு ஓய் எண்ணறீர்? காதால கேளும். இந்தப் பக்கம் கிட்டு ஒருத்தன் இருக்கான், அவன் தொண்டை நாலு பேருக்குச் சமானம். அந்தப் பக்கம் பூரா ஜலதோஷம்" என்றார். கிட்டு அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு இன்னும் உரக்க ஆரம்பித்தான். நான் எதிர் வரிசைக்கு நகர்ந்தேன். வரிசைகள் கண்ணுக்குக் கோணலாக இருந்தன; காதுக்கு, ஒரே ஆள் மூச்சு வாங்கி மூச்சு விடுவது போல இருந்தது. வருஷா வருஷம் ஸ்வாமி இப்படித்தான் ஆட்களை மாற்றி நிறுத்துவார். வருஷா வருஷம் நான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் கேட்டது. மிச்சப் பாசுரத்தில் என் மனசு நிற்கவில்லை, பெருமாள் மன்னிக்கட்டும்.

நெற்றித் திருமண்ணோடு நேரே கொள்ளிடக் கரைக்குப் போனேன். அண்ணாமலை அளவுகோலை எடுத்து நீட்டினார். "அது வேண்டாம் அண்ணாமலை. இன்னிக்குக் காதால பாக்கலாம்" என்றேன். குழாயை ஒரு கார்புரேட்டர் வாயில் வைத்தேன், அப்புறம் அடுத்ததில். முன்னது சீறியது. பின்னது, பால் பொங்குவதற்குச் சற்று முன்னால் வருமே ஒரு மெல்லிய சத்தம், அப்படி முணுமுணுத்தது. காற்று போகிற அளவைக் கூட்டிக் குறைக்கிற தடுக்குகளைத் திருகி இரண்டு சத்தத்தையும் ஒன்றாக்கினேன். பிறகு ஜெட். முன்னதின் நட்டை நன்றாகவே மேலே ஏற்றினேன், பின்னதைக் கொஞ்சம் இறக்கினேன். ஒவ்வொரு திருகலுக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகமெடுத்துக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம். தொய்ந்தால் குறைவு. லேசாகத் துள்ளிவிட்டுப் பழைய கதிக்கு வந்தால் சரி. முன்னது துள்ளி அடங்கியது. பின்னதும் துள்ளி அடங்கியது. அப்புறம் புகை இல்லை, வெடி இல்லை. தூங்குகிற குழந்தையின் மூச்சு மாதிரி ஒரே சீராக எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டு நட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத உயரத்தில் இருந்தன. அண்ணாமலை காரில் தாவி ஏறிப் பாலத்தின் மறுகோடிவரை போய்த் திரும்பி வந்தார். தூரத்திலிருந்தே "சார்! சார்!" என்று கத்திக்கொண்டு வந்தார். வேறு வார்த்தை அவருக்கு வரவில்லை. எனக்கு அதுவும் வரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே நினைத்துக்கொண்டிருப்பேன். தை முழுக்க விடியற்காலைகளில் கார் பிசகாமல் ஓடியது. விடியற்காலைகளில் மட்டும்தான் ஓட்டிப் பார்த்தோம் என்பது எனக்கு உறைக்கவில்லை. மனுஷர் கண்ணில் படாமல் வேலை செய்கிற என் புத்தி, காரை வெயிலின் கண்ணிலும் காட்டாமல் வைத்துவிட்டது.

மாசியில் அந்த நாள் வந்தது. உன் அம்மா மடிசார் கட்டிக்கொண்டு, புளியோதரைத் தூக்கோடு தயாராக வாசலில் நின்றாள். "நீ எதுக்கு அங்கெல்லாம்? வெயில், தூசி, ஆம்பிளைக் கூட்டம்" என்றேன். "நீங்க எதுக்குப் போறேளோ அதுக்குத்தான்" என்றாள். விமானத் தளம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பொட்டல். நடுவில் வெடித்துக் கிடந்த சிமென்ட் ஓடுதளம். இரண்டு பக்கமும் ஜனம். சென்னைக் கார்கள், பெங்களூர்க் கார்கள், மோட்டார் சைக்கிள்கள். ஒரு மேஜையில் ஒலிபெருக்கி, அதில் பாட்டும் அறிவிப்பும் மாறி மாறி. பெரியவர் குடை பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் புடைசூழ, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உச்சிவெயில் நேரத்தில் எங்கள் முறை வர இருந்தது. அதற்கு முன் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதற்காக அண்ணாமலை காரைக் கிளப்பினார். இருமியது. கரும்புகை. குலுங்கிக் குலுங்கி வந்து எங்கள் முன்னால் நின்றுவிட்டது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்தது ஒன்றும் ஆறுதலாக இல்லை. சூட்டில் காற்று மெலிந்துவிடும். மார்கழிக் குளிர்காற்றுக்கு அளந்துவிட்ட பெட்ரோல் இந்த வெயிலுக்கு அதிகம். இதைத்தான் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு வருஷமும், கரும்பலகையைப் பார்த்தபடி. பக்கத்துக் காரின் சொந்தக்காரர், கறுப்புக் கண்ணாடி போட்ட சென்னை மனிதர், "என்ன சார், ஊதுவத்தி ஏத்தியிருக்கீங்க?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் குழாயை எடுத்துக் காதில் வைத்தேன். "காருக்குக் காய்ச்சலாம்டா, டாக்டர் வந்துட்டாரு" என்று ஒரு குரல். சிரிப்பு இன்னும் பெரிதானது. எஞ்சினை மறுபடி உயிர்ப்பித்து, குழாயைக் கார்புரேட்டர் வாய்க்குக் கொண்டுபோனேன். காதில் விழுந்ததெல்லாம் ஒலிபெருக்கிப் பாட்டு மட்டும்தான். பிஸ்டனைத் தூக்கினேன், எஞ்சின் துள்ளியதா தொய்ந்ததா என்று தெரியவில்லை. அண்ணாமலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குடைக்கு அடியில் பெரியவர், முழங்காலில் கையை ஊன்றி எழுந்திருக்கத் தயாராவது தெரிந்தது. ஓர் ஆள் தன் மகனின் ஆசையை மூட்டைகட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக எழுந்திருப்பதுபோல இருந்தது அது. நான் குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். "கேக்கலை" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

உன் அம்மாவுக்குக் கேட்டது. தூக்கை என் காலடியில் வைத்துவிட்டு, மடிசாரோடு, ஓடுதளத்துக்குக் குறுக்கே நேராக அந்த ஒலிபெருக்கி மேஜைக்கு நடந்தாள். பந்தயத்துக்குப் போட்ட கயிற்றைத் தூக்கிக் குனிந்து தாண்டினாள். யாரோ "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டதைக் கவனிக்கவே இல்லை. மேஜைக்காரரிடம் அவள் பேசியதை மைக் பிடித்து ஊருக்கே சொன்னது. "செத்த இந்தப் பாட்டை நிறுத்துங்கோ."

"நீங்க யாரும்மா?"

"அதோ, பச்சைக் கார்கிட்ட காதுல கொழாயை வெச்சிண்டு நிக்கறாரே, அவராத்துக்காரி. அவருக்குக் காது கேக்கணும்."

"பாட்டு போட்டாத்தானேம்மா ஜனம் இருக்கும்?"

"ஜனம் எங்கயும் போயிடாது. அந்தக் கார் என்ன சொல்றதுன்னு கேக்கத்தானே எல்லாரும் காத்திண்டிருக்கா?"

அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, பாட்டை நிறுத்தினார். மைக்கை வாயருகே இழுத்து, "எல்லாரும் தயவுசெய்து கொஞ்சம் பேசாம இருங்க. ஒருத்தர் கார்கிட்ட பேசிட்டிருக்கார்" என்றார். கூட்டம் ஒரு தடவை விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம், குழந்தை தூங்குகிற வீட்டில் அடங்குவதுபோல, அப்படியே அடங்கிவிட்டது. அவ்வளவு பெரிய பொட்டலில் எங்கள் கார் ஓடுகிற சத்தமும் காற்றும்தான். எத்தனையோ பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிக்கொள்ளக் கரும்பலகை கிடையாது. வேறு வழியில்லாமல் நான் கேட்க ஆரம்பித்தேன். கேட்க ஆரம்பித்ததும் அவர்களை மறந்துவிட்டேன். முன்ஜெட்டை மேலே, இன்னும் கொஞ்சம் மேலே. தேய்ந்த துளை, அதற்கு இந்த வெயிலில் நிறையவே குறைக்க வேண்டியிருந்தது. பின்னதற்கு ஒரு தொடுகை போதும். பிஸ்டனைத் தூக்கினேன். துள்ளி, அடங்கியது. மற்றதையும் தூக்கினேன். துள்ளி, அடங்கியது. புகை மெலிந்து, மறைந்துபோனது. இரண்டு மூச்சும் ஒன்றாகியிருந்தன. நிமிர்ந்து, "போங்க" என்றேன். இந்தத் தடவை என் குரல் கயிற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டதாக உன் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

அண்ணாமலை போனார். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரரின் காரும் கூடவே கிளம்பியது. பச்சைக் கார் ஓடுதளத்தின் கோடியில் ஒரு புள்ளியாகித் திரும்பியது. திரும்பும்போது ஒரு தடவை எஞ்சின் சத்தம் காற்றில் அறுந்தது. என் உயிரும் கூடவே அறுந்தது. மறுபடி வந்தது. ஒரே சீராக, கிட்டுவின் குரலும் ஜலதோஷக்காரர்களின் குரலும் சேர்ந்து வருவதுபோல வந்தது. நிற்காமல் வந்தால் போதும் என்றுதான் நாங்கள் வேண்டிக்கொண்டோம். அது அந்தச் சென்னைக் காரை நன்றாகப் பின்னால் விட்டுவிட்டு, முடிவுக் கோட்டைத் தாண்டி, நிறுத்த மனசில்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடிப் போய் நின்றது. ஜனம் கயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த மனிதரே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "டாக்டர் சார், என் வண்டியையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றார். பெரியவர் குடையை மடக்கிக்கொண்டு மெதுவாக வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் தொட்டுச் சூட்டில் கையை இழுத்துக்கொண்டார். பிறகு அண்ணாமலையிடம் கேட்டார்: "ஷெட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்டா வைக்கப்போற?" அண்ணாமலை காரின் மேல் கவிழ்ந்துகொண்டு, தோள் குலுங்க அழுதார். பெரியவர், "சூடா இருக்குடா, எந்திரி" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது இரண்டு பேர் உட்காருகிற காரில் மூன்று பேர் வந்தோம். அண்ணாமலை ஓட்டினார், உன் அம்மா தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் மடக்கிவைத்த துணிக் கூரையின் மேல் குந்திக்கொண்டேன். காவிரிப் பாலத்தில் ஏறினதும் காற்று முகத்தில் அடித்தது. ஒரு பக்கம் மலைக்கோட்டை பின்னால் போய்க்கொண்டிருந்தது, முன்னால் கோபுரங்கள். எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, கத்தினேன். வார்த்தை எதுவும் இல்லை, வெறும் கத்தல். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் பயந்து மாட்டை ஓரம் கட்டினார். உன் அம்மா திரும்பிப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தனை நாளா இது எங்க இருந்தது?" என்று கேட்டாள்.

இதில் உனக்கு என்ன இருக்கிறது என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வாத்தியார் புத்தி, ஒன்றிரண்டு சொல்லாமல் விடாது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று தலைமையாசிரியரிடம் பேசியதெல்லாம் உன் அம்மாதான். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து உன் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தேன். உனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் கண் விழித்திருப்பவன் நான். சரியாகப் பார்க்கவில்லை என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகிறவள் அவள். கத்த வேண்டிய இடத்தில் நான் ஒரு நாளும் சரிபாதி கத்தியதில்லை. காத்திருக்க வேண்டிய இடத்தில் அவள் ஒரு நாளும் சரிபாதி காத்திருந்ததில்லை. அளவுகோலை வைத்தால் எங்கள் வீடு ஒரு பெரிய அநியாயமாகத்தான் தெரியும். நீங்கள் பேசி வைத்ததைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை; ஆரம்பிக்க அது நல்ல இடம், கையேடு மாதிரி. ஆனால் புகை வந்தால் நட்டை எண்ணிக்கொண்டிருக்காதே. காதை வைத்துக் கேள். ஒரு பருவத்துக்குச் சரியாக இருந்தது அடுத்த பருவத்துக்கு இருமும். அப்போது யார் மேல் தப்பு என்று பார்க்காமல் மறுபடி திருகிக்கொள். எது தேய்ந்திருக்கிறதோ அதை எறிந்துவிடாதே. தேய்ந்த அந்த முன்ஜெட்டோடுதான் நாங்கள் ஜெயித்தோம். புதுசு சீமையிலிருந்து வந்து சேர்ந்த பிறகும் அண்ணாமலை அதை ஒர்க்‌ஷாப் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். உன் மனைவியை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டு.

எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால், மேடையில் பேசுவதற்கு எனக்கு விஷயம் இல்லாமல் இல்லை என்று தெரிகிறது. அதனால் 'பார்க்கலாம்' என்றதை மாற்றிக்கொள்கிறேன். வரவேற்பு அன்று வருகிறேன், பேசுகிறேன், ஜனத்தைப் பார்த்தே பேசுகிறேன். ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் நீ செய்ய வேண்டும். உன் அம்மாவுக்கு நாதஸ்வரக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடு. நான் எழுந்து நிற்கும்போது அவர்களை யார் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

உன் நன்மையையே கேட்டுக்கொண்டிருக்கும்,
அப்பா